மண்குடமும் பொன்குடமும்: மதப் பாகுபாட்டைக் கண்டிப்பதில் ஒரே அளவுகோல்

2020 டிசம்பரில் கொழும்பு பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணித் துண்டுகள் கட்டப்பட்டிருந்தன. முஸ்லிம்கள் இறந்தவரைப் போர்த்தும் கபன் துணியை அவை நினைவூட்டின. அதற்குச் சில நாட்கள் முன்புதான், கொவிட் என்று சொல்லப்பட்ட 20 நாள் குழந்தை ஒன்றை, பெற்றோர் சம்மதிக்காமலே, அந்த மயானத்தில் எரித்திருந்தார்கள். இரவோடு இரவாகத் துணிகள் அகற்றப்பட்டன. மறுபடியும் ஆட்கள் வந்து கட்டினார்கள். கட்டியவர்களில் முஸ்லிம் அல்லாதவர்களும் இருந்தார்கள்.

மதத்தின் பேரால் நடக்கும் அநியாயத்தைக் கண்டிக்காத அரசியல்வாதி கிடையாது. எல்லோருடைய அறிக்கைக் கோப்பிலும் அப்படி நாலு கண்டனமாவது இருக்கும். கேள்வி வேறு. யார் செய்தாலும் கண்டிக்கிறார்களா? தன் கட்சி செய்தால்? கடன் கொடுக்கிற நட்பு நாடு செய்தால்? தன் சொந்தச் சனமே செய்தால்? இதைத்தான் ஒரே அளவுகோல், நிலைப்பாட்டில் நேர்மை என்றெல்லாம் சொல்கிறார்கள். நம் பாட்டிமார் இதை எப்போதோ சொல்லிவிட்டார்கள்: மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். குடம் ஒன்றுதான். உடைத்த கையைப் பார்த்து விலை ஏறுகிறது, இறங்குகிறது.

முதலில் எதைப் பாகுபாடு என்கிறோம் என்று பார்த்துவிடலாம். ஒரு மதத்தின் கொள்கையை ஏற்காமல் இருப்பதோ, அதைக் கேள்வி கேட்பதோ பாகுபாடு ஆகாது. இன்ன மதத்தவர் என்பதற்காக ஒருவருக்கு வேலையோ, குடியுரிமையோ, பாதுகாப்போ, கடைசிச் சடங்கோ மறுக்கப்படும்போதுதான் அது பாகுபாடு. சில சமயம் சட்டத்திலேயே மதத்தின் பெயர் எழுதியிருக்கும். சில சமயம் எல்லோருக்கும் பொது என்றே எழுதியிருக்கும், ஆனால் அடி மட்டும் சிலருடைய முதுகில் விழும்.

இலங்கையின் கட்டாயத் தகனம் இந்த இரண்டாவது வகை. 2020 ஏப்ரல் 11ஆம் திகதியிட்ட வர்த்தமானி, அதாவது அரசிதழ் அறிவிப்பு, கொவிட்டால் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்றது. எந்த மதத்தின் பெயரும் அதில் இல்லை. புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே சொல்லியிருந்தது. புதைத்தால் நிலத்தடி நீரில் வைரஸ் கலந்துவிடும் என்று அரசு சொன்னதற்கு ஆதாரம் காட்டப்படவில்லை. எரிப்பது இஸ்லாத்தில் விலக்கப்பட்ட காரியம். புதைப்பதை வழக்கமாகக் கொண்ட கிறிஸ்தவர்களும் இந்துக்களில் சிலரும்கூட இதில் சிக்கினார்கள், என்றாலும் பெரிய அடி முஸ்லிம்களுக்குத்தான். உச்ச நீதிமன்றத்துக்குப் போன மனுக்கள், முழு விசாரணைக்கு எடுக்கப்படாமலே 2020 டிசம்பர் 1ஆம் திகதி தள்ளுபடியாயின. அந்த மனுதாரர்களுக்காக வாதாடியவர்களில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் அன்றைய நாடாளுமன்ற உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரனும் ஒருவர். 2021 பெப்ரவரியில் கிழக்கே பொத்துவிலில் தொடங்கி வடக்கே பொலிகண்டி வரை தமிழர்கள் ஐந்து நாள் நடத்திய பேரணியில், காணிப் பிரச்சினையோடும் காணாமல் ஆக்கப்பட்டோர் பிரச்சினையோடும் ஜனாஸா (இறந்த முஸ்லிமின் உடல்) எரிப்பை நிறுத்து என்ற கோரிக்கையும் சேர்ந்து வந்தது. கிழக்கில் முஸ்லிம்கள் வந்து கலந்துகொண்டார்கள்.

மறுபக்கம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2020 ஒக்டோபர் 22 அன்று, ஜனாதிபதிக்கு அதிகாரத்தை அள்ளிக் கொடுத்த 20ஆவது திருத்தம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, எதிர்க்கட்சியில் இருந்த முஸ்லிம் உறுப்பினர்கள் சிலர் ஆதரவாக வாக்களித்தார்கள். ஜனாஸாக்கள் எரிந்துகொண்டிருந்த காலம் அது. வெளியே கண்டன அறிக்கை, உள்ளே ஆதரவு வாக்கு.

அந்தச் சமயத்தில் இலங்கை முஸ்லிம்களுக்காக மிக உரத்துப் பேசிய வெளிநாட்டுத் தலைவர் பாகிஸ்தானின் அன்றைய பிரதமர் இம்ரான் கான். 2021 பெப்ரவரி 23ஆம் திகதி அவர் கொழும்புக்கு வந்தார். அவர் போன கையோடு, புதைக்க அனுமதிக்கும் வர்த்தமானி வந்தது. அவருடைய வருகையும் இதற்கு ஒரு காரணம் என்று பரவலாக நம்பப்படுகிறது. எத்தனையோ குடும்பங்களுக்கு அதனால் ஆறுதல் கிடைத்தது. அந்த நன்மையை நான் குறைத்துப் பேச மாட்டேன். பத்து மாதமாக நம் எவராலும் முடியாதது அது.

அடுத்த மாதம் நடந்ததைப் பாருங்கள். மார்ச் 23ஆம் திகதி ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை பற்றிய தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. கட்டாயத் தகனத்தால் முஸ்லிம்களும் பிற மதத்தவரும் தங்கள் அடக்கச் சடங்கைச் செய்ய முடியாமல் போனது பற்றிய கவலை அந்தத் தீர்மானத்திலேயே எழுதப்பட்டிருந்தது. 22 நாடுகள் ஆதரவு, 11 எதிர்ப்பு, 14 நடுநிலை. எதிர்த்த 11இல் பாகிஸ்தான் ஒன்று, பங்களாதேஷ் ஒன்று.

அதே வருடம் ஜூனில் ஒரு அமெரிக்க ஊடகம் இம்ரான் கானிடம் சீனாவின் ஷின்ஜியாங் மாகாணத்து உய்குர் முஸ்லிம்களைப் பற்றிக் கேட்டது. தடுப்பு முகாம்கள், இடிக்கப்பட்ட பள்ளிவாசல்கள், நோன்புக்கும் தாடிக்கும் கட்டுப்பாடு என்று அங்கே நடப்பதெல்லாம் அப்போது உலகம் அறிந்த செய்தி. சீனாவுடன் உள்ள பிரச்சினைகளை மூடிய கதவுக்குப் பின்னால் பேசிக்கொள்கிறோம் என்பதுதான் அவர் பதிலின் சாரம். மேற்கு நாடுகளில் முஸ்லிம் வெறுப்பு வளர்வதைப் பற்றி ஐ.நா. பொதுச் சபையில் ஓங்கிப் பேசியவர் அவர். அந்தப் பேச்சுக்குக் கதவு எல்லாம் திறந்திருந்தது. சீனா என்று வந்ததும் கதவு மூடிக்கொண்டது. பாகிஸ்தானின் சாலைகளிலும் மின்நிலையங்களிலும் துறைமுகத்திலும் சீனப் பணம் எவ்வளவு கிடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

இது ஒரு தலைவரின் குறை மட்டும் இல்லை. 2022 ஆகஸ்ட் 31 அன்று ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம், ஷின்ஜியாங்கில் நடப்பவை மானுடத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்று அறிக்கை வெளியிட்டது. ஒக்டோபர் 6ஆம் திகதி, அந்த அறிக்கையைப் பற்றி ஒரு விவாதம் வைக்கலாமா என்று பேரவையில் வாக்கெடுப்பு. கண்டனத் தீர்மானம்கூட இல்லை, பேசலாமா என்ற கேள்வி மட்டும்தான். 17 பேர் பேசலாம் என்றார்கள், 19 பேர் வேண்டாம் என்றார்கள், 11 பேர் ஒதுங்கினார்கள். வேண்டாம் என்ற வரிசையில் பாகிஸ்தான், இந்தோனேசியா, கத்தார், ஐக்கிய அரபு அமீரகம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள நாடுகளில் பேசலாம் என்று வாக்களித்தது சோமாலியா. மலேசியா ஒதுங்கியது. இந்தியாவும் ஒதுங்கியது.

வெளியே மட்டும் இல்லை, வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். பாகிஸ்தானில் அஹ்மதியா பிரிவினரை 1974இல் அரசியலமைப்புத் திருத்தம் மூலம் முஸ்லிம் அல்லாதவர்கள் என்று அறிவித்தார்கள். 1984இல் வந்த அவசரச் சட்டம், அவர்கள் தங்களை முஸ்லிம் என்று சொல்லிக்கொள்வதையும், தங்கள் தொழுகை இடத்தைப் பள்ளிவாசல் என்று அழைப்பதையும் மூன்று வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1979இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற அப்துஸ் சலாம் இந்தப் பிரிவைச் சேர்ந்தவர். அவர் 1996இல் இறந்து ரப்வாவில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையில் ‘முதலாவது முஸ்லிம் நோபல் விருதாளர்’ என்று பொறித்திருந்தார்கள். பிறகு ‘முஸ்லிம்’ என்ற சொல்லை மட்டும் அழித்துவிட்டார்கள். இப்போது அந்தக் கல்லில் ‘முதலாவது’ என்ற சொல்லும் ‘நோபல் விருதாளர்’ என்ற சொல்லும் இருக்க, நடுவே ஒரு வெற்றிடம் கிடக்கிறது. 2018இல் இம்ரான் கான் அரசு தன் பொருளாதார ஆலோசனைக் குழுவில் ஆதிஃப் மியான் என்ற பேராசிரியரை நியமித்து, அவர் அஹ்மதியா என்று எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே விலகச் சொன்னது. எங்கள் தீவில் ஒரு முஸ்லிமின் உடலுக்காகக் குரல் எழுப்பிய அதே அரசுதான்.

பாகிஸ்தானைப் பற்றியே எழுதுகிறேனே என்று தோன்றலாம். கண்டனமும் மௌனமும் ஒரே இடத்தில் இவ்வளவு பக்கத்தில் கிடப்பதால்தான் அதை எடுத்தேன். மேற்கு நாடுகளின் கணக்கும் சுத்தமில்லை. அமெரிக்கா 1998இல் சர்வதேச மதச் சுதந்திரச் சட்டம் கொண்டுவந்தது. மதச் சுதந்திரத்தைக் கடுமையாக மீறும் நாடுகளைப் பட்டியலில் போட்டு, நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது விதி. 2004இல் சவூதி அரேபியா பட்டியலில் ஏறியது. ஆனால் அமெரிக்காவின் தேச நலன் கருதி நடவடிக்கை தேவையில்லை என்று விலக்குக் கொடுத்துவிட்டார்கள். சட்டத்திலேயே அதற்கொரு கதவு வைத்திருக்கிறார்கள். எண்ணெய் விற்பவருக்கும் ஆயுதம் வாங்குபவருக்கும் அந்தக் கதவு திறக்கும். 2020 ஜூலையில் உய்குர் விஷயத்துக்காகச் சீன அதிகாரிகள் மீது தடை விதித்ததும், 2017 ஜனவரியில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள ஏழு நாட்டவர் உள்ளே வரத் தடை போட்டதும் ஒரே ஜனாதிபதியின் அரசுதான்.

இந்தியாவில் 2019 டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் நமக்கு நெருக்கமான உதாரணம். பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவர்களுக்குக் குடியுரிமைக்கு எளிய வழி. மதத்தின் பேரால் துன்புற்று ஓடிவந்தவர்களுக்கு அடைக்கலம் என்பது நல்ல காரியம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த மூன்று நாடுகளிலும் இஸ்லாம் அரச மதம், ஆகவே அங்கே முஸ்லிம்கள் துன்புற மாட்டார்கள் என்று அரசு சொன்னது. அப்படியானால் அஹ்மதியர்? ஆப்கானிஸ்தானில் குண்டுவெடிப்புக்கு மேல் குண்டுவெடிப்பாகச் சாகிற ஹசாரா ஷியாக்கள்? அவர்களும் மதத்தின் பேரால்தான் துன்புறுகிறார்கள். துன்பத்தை அளந்திருந்தால் அவர்களும் உள்ளே வந்திருப்பார்கள். தமிழ்நாட்டு முகாம்களிலேயே வாழ்ந்து பேரப்பிள்ளையும் கண்டுவிட்ட இலங்கைத் தமிழருக்கும் அந்தச் சட்டத்தில் இடமில்லை.

எதிர்ப்பக்கத்திலும் இதே கோணல் உண்டு. இந்தியாவில் சிறுபான்மையினருக்காகத் துணிந்து பேசுகிறவர்களில் சிலர், 2021 ஒக்டோபரில் பங்களாதேஷில் துர்கா பூஜைப் பந்தல்கள் அடித்து நொறுக்கப்பட்டபோது பேசத் தயங்கினார்கள். பேசினால் எதிராளிக்கு லாபமாகிவிடும் என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் உடைந்த சிலைக்கு முன்னால் நிற்கிற குடும்பத்துக்கு நம் தேர்தல் கணக்கு எதற்கு?

சரி, இந்த இடத்தில் ஆரம்பத்தில் எல்லோருக்கும் வருகிற ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒரே அளவுகோல் என்றால் உலகத்தில் நடக்கிற எல்லாவற்றையும் பற்றி ஒரே அளவு பேச வேண்டும் என்று அர்த்தமா? இல்லை. ஒரு மனிதருக்கு இருக்கிற நேரம் கொஞ்சம். தன் ஊர், தன் நாடு, தன் வரிப்பணம், தன் வாக்கு, இவற்றின் பேரால் நடப்பதைப் பற்றி அதிகம் பேசுவது நியாயம். மட்டக்களப்பில் இருக்கிற ஒருவர் நைஜீரியாவைப் பற்றி அறிக்கை விடவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. கவனம் கூடலாம், குறையலாம். அளவுகோல் நீளக்கூடாது, சுருங்கக்கூடாது. ஒரு விஷயத்தைப் பேச எடுத்துக்கொண்ட பிறகு, செய்தவர் யார் என்று தெரிந்ததும் தீர்ப்பு மாறினால் அங்கேதான் கோணல்.

இன்னொரு குழப்பம், ‘அப்போ எங்கே போனீங்க?’ என்ற கேள்வி. இலங்கையில் தமிழர் முஸ்லிம் சண்டையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது மனப்பாடம். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள் என்று ஒருவர் தொடங்குவார். அப்போ வீரமுனை என்று மற்றவர் கேட்பார். அதே மாதம் அந்தத் தமிழ்க் கிராமத்தின் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் கொல்லப்பட்டார்கள், முஸ்லிம் ஊர்காவல் படையினர் மீது குற்றம் சாட்டப்பட்டது. காத்தான்குடி என்றால் வீரமுனை, வீரமுனை என்றால் காத்தான்குடி. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். இரண்டு பேரும் அதை மற்றவர் வாயை அடைக்கத்தான் எடுக்கிறார்கள்.

கேள்வி தவறில்லை, அது எங்கே போய் முடிகிறது என்பதுதான் முக்கியம். ‘அதையும் கண்டிப்போம், வாருங்கள்’ என்று முடிந்தால் அது நேர்மையைக் கேட்கிற கேள்வி. ‘ஆகவே இதைப் பற்றிப் பேசாதே’ என்று முடிந்தால் அது தப்பிக்கிற வழி. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் தொலைக்காட்சி விவாதங்களில் பாதியை நீங்கள் எளிதாகப் படித்துவிடலாம். அப்புறம், கண்டிக்கிறவர் நேர்மையில்லாதவர் என்பதால் கண்டிக்கப்பட்ட செயல் சரியாகிவிடாது. இம்ரான் கான் உய்குர்களை மறந்தார் என்பதற்காகப் பொரளையில் எரித்தது நியாயமாகாது. அமெரிக்கா சவூதிக்கு விலக்குக் கொடுத்தது என்பதற்காக ஷின்ஜியாங் முகாம்கள் பள்ளிக்கூடங்கள் ஆகிவிடாது.

அறிக்கைகளைப் படிக்கும்போது வினைச்சொல்லைக் கவனியுங்கள். எதிரி செய்திருந்தால் ‘கொன்றார்கள்’, ‘இடித்தார்கள்’, ‘விரட்டினார்கள்’ என்று வரும். தன் ஆட்கள் என்றால் ‘உயிரிழப்புகள் ஏற்பட்டுள்ளன’, ‘அசம்பாவிதம் நிகழ்ந்தது’, ‘இடம்பெயர நேரிட்டது’. செய்தவர் மறைந்துவிடுவார், மழை பெய்ததுபோல் அது தானாக நடந்திருக்கும். ‘இரு தரப்பும் நிதானம் காக்க வேண்டும்’ என்று வந்தால், இன்னும் கூர்ந்து பாருங்கள். அடித்தவருக்கும் அடிபட்டவருக்கும் ஒரே அறிவுரை கிடைக்கிறதா? நான் செய்கிற ஒரு சின்ன வேலை உண்டு. அறிக்கையில் இருக்கிற மதங்களின் பெயர்களை இடம் மாற்றிப் போட்டு, இதே தலைவர் இதையே சொல்வாரா என்று பார்ப்பேன். பிறகு அவர் எப்படி வாக்களித்தார் என்று தேடுவேன். சொல்லுக்குச் செலவு கிடையாது. வாக்குக்கு உண்டு.

இதை எங்கள் மீதே, தமிழர்கள் மீதே, போட்டுப் பார்க்காமல் விட்டால் நான் இதுவரை எழுதியதற்கு அர்த்தமில்லை. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்தில் இருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி. ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியா கல்லூரிப் பக்கத்து மைதானத்துக்கு வரச் சொல்லி, இரண்டு மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும் என்றார்கள். நகையும் பணமும் பறிக்கப்பட்டன, கையில் சில நூறு ரூபாய் மட்டும் கொண்டுபோக விட்டார்கள். அவர்கள் பேசியது தமிழ், நாங்கள் பேசுகிற அதே தமிழ். மதம் மட்டும்தான் அடையாளம். அதை இனச் சுத்திகரிப்பு என்று தமிழ்த் தலைவர்கள் வாய்திறந்து சொல்லப் பல வருடங்கள் ஆயின. 2002இல் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அது தவறு என்று ஒப்புக்கொண்டபோது, புத்தளத்து அகதிக் குடிசைகளில் பிறந்த பிள்ளைகளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. இன்றும் எங்கள் மேடைகளில் தமிழர்கள் தாக்கப்பட்ட 1983 என்றால் ‘எரித்தார்கள்’ என்றும், 1990 என்றால் ‘இடம்பெயர்ந்தார்கள்’ என்றும் வருவதைக் கேட்கிறேன். கேட்கும்போது வெட்கமாக இருக்கிறது. 2018இல் திருகோணமலையில் ஒரு இந்துப் பெண்கள் பாடசாலைக்கு முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வரக்கூடாது என்று எங்களவர்கள் வீதியில் இறங்கினார்கள். பெரும்பான்மையின் பண்பாட்டைச் சிறுபான்மை மதிக்க வேண்டும் என்று அன்று சொன்ன வாதம், கொழும்பில் எங்களுக்கு எதிராகச் சொல்லப்படுகிற அதே வாதம்.

மேலே சொன்ன பொத்துவில் பேரணியை நான் பெரிதாக மதிப்பதற்குக் காரணம் இதுதான். முப்பது வருடத்துக் கசப்பை வைத்துக்கொண்டே இரண்டு சனமும் ஒரே வீதியில் நடந்தது. யாரும் யாருக்கும் முன்நிபந்தனை வைக்கவில்லை, முதலில் மன்னிப்புக் கேள், அப்புறம் உன் ஜனாஸாவுக்காக வருகிறேன் என்று எவரும் சொல்லவில்லை.

வர்த்தமானி மாறிய பிறகு, புதைக்கும் இடமாக முதலில் இரணைதீவைச் சொன்னார்கள். பல வருடம் வெளியேற்றப்பட்டிருந்து 2018இல்தான் திரும்பிவந்த தமிழ் மீனவர்களின் தீவு அது. அவர்கள் எதிர்த்தார்கள். பிறகு மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில், மஜ்மா நகரில் இடம் ஒதுக்கப்பட்டது. 2021 மார்ச் முதல் ஒரு வருடத்தில் அங்கே 3,600க்கு மேற்பட்டவர்கள் அடக்கம் செய்யப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் முஸ்லிம்கள். எரிக்க வேண்டாம், மண்ணில் வையுங்கள் என்று கேட்ட இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அவர்களுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தபோது, எரிக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்குப் போய் நிற்க அப்படி ஒரு மண்மேடுகூட இருக்கவில்லை.